அறையில் எத்தனை பேர் என்று கேட்டவருக்கு ஏழு பேர் எழுதிய மடல்

கிள்ளான் நகரத்து மருத்துவமனையின் மூளை அலைப் பதிவுப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் முறை தவறாது, முகம் சுளிக்காது, முணுமுணுப்பின்றிப் பணியாற்றி ஓய்வு பெறும் மூத்த தொழில்நுட்பர், தலை தொட்டே துயர் அறிந்த தாய், அலை படித்தே அகம் உணர்ந்த அறிவுச்சுடர், திருமதி செசிலியா திமோத்தி அவர்களுக்கு, அவர்தம் அன்புக்கும் அதட்டலுக்கும் ஆண்டாண்டாய் ஆளான பிரிவு ஊழியர்கள், பிரிக்பீல்ட்ஸ் விருந்து மண்டபத்தில், வாழையிலை விரிக்கும் முன் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கருணையின் கரையே! கண்டிப்பின் கோட்டையே! எண்ணெய்த் தலைகளின் எதிரியே! எங்கள் அக்காவே!

முகம் சுளிக்காது என்று வாசித்த வரியிலேயே நீங்கள் முகம் சுளிப்பது மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அடைமொழி இல்லாத மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர எந்தக் கடைக்காரரும் முன்வர மாட்டார். இதை எழுதியவள், உங்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் வேலையும் வசவும் வாங்கிய லோகேஸ்வரி. கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். அவர்களில் மூவருக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஃபரிடா கேட்டபோது, உள்ளதை எழுதியிருக்கிறேன் என்றேன். அது போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். தமிழில்தான் எழுத வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. வழக்கமாக எந்தப் பாராட்டு மடலிலும் இல்லாத ஒரு செய்தியை இதில் எழுத வேண்டும் என்பதும் உங்கள் உத்தரவே. அதற்கு உங்கள் மகள் ஆட்ரியின் சம்மதத்தையும் வாங்கிவிட்டோம். அவர் முன் வரிசையில் உங்கள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

காலத்தைக் கடிகாரம் காட்டும் முன்னே காலடியோசை காட்டிய கடமை வீராங்கனையே! சாலாக் செலாத்தானில் ஐந்தே முக்காலுக்குக் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, கிள்ளானில் இறங்கி, ஏழரைக்கெல்லாம் பதிவு அறையின் விளக்கைப் போட்ட வலக்கை உங்களுடையது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று நாங்கள் மூன்று மொழியில் அச்சடித்துக் கொடுத்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளையை எண்ணெய் வைத்து வழித்துச் சீவாமல் எந்தத் தாய் அனுப்புகிறாள்? எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது. ஒட்டாவிட்டால் அலை தெரியாது. ஆகவே நோயாளிகளைத் திருப்பி அனுப்பாமல், மூலையிலிருக்கும் சிங்க்கில் தலையைக் குனிய வைத்து, ஷாம்பூ போட்டு நீங்களே அலசிவிட்டீர்கள். ஏழை, பணக்காரர், குழந்தை, கிழவர் என்று இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உங்கள் விரல் படாத தலை குறைவு. கழுவும்போதே பாதி வியாதி தெரிந்துவிடும் என்பீர்கள். நாங்கள் சிரிப்போம்.

அதைவிட அதிகமாகச் சிரித்தது உங்கள் கேள்விக்கு. ஒயர் ஒட்டுவதற்கு முன் எல்லா நோயாளியிடமும், ஒருவர் விடாமல், நீங்கள் ஒன்று கேட்பீர்கள்: “இந்த ரூம்ல இப்ப எத்தன பேரு இருக்கோம்?” நோயாளி விவரம் எழுதும் பாரத்தின் மேல் மூலையில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு வைத்தீர்கள். நோயாளி சொல்லும் எண்ணை அப்படியே எழுத வேண்டும். திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. பெரும்பாலோர் இரண்டு என்பார்கள். எப்போதாவது ஒருவர், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று என்பார். இன்னும் எப்போதாவது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஐந்து என்பார். அந்த நாட்களில் மதிய உணவுக்குத் தனியாக அறையைப் பூட்டிவிட்டுப் போக எங்களில் யாருக்கும் மனம் வராது. முகுந்தன் சாவியை என்னிடம் தருவார். நான் தாமரையிடம் தருவேன். கடைசியில் நீங்கள்தான் போய்ப் பூட்டுவீர்கள்.

ஐயம் அகற்றிய அறிவே! பேய் என்றும் பிசாசு என்றும் சாபம் என்றும் சனி என்றும் சுமந்து வந்தவர்களுக்கு, மண்டைக்குள் நடப்பதை மளிகைக் கணக்குப்போல் எளிமையாய் எடுத்துச் சொன்னவர் நீங்கள். கண் வெறும் வாசல்தான், பார்ப்பது மூளை என்பீர்கள். வெளியிலிருந்து சேதி வருவது குறைந்தால் மூளை சும்மா இருக்காது, தானே படம் போட்டு, தானே பாட்டுப் போட்டு, தானே ஆள் அனுப்பி வைத்துக்கொள்ளும் என்பீர்கள். காது மந்தமான பிறகு ஓயாமல் நாதஸ்வரம் கேட்கிறது என்று அழுத மாதுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினீர்கள். இரண்டு மாதத்தில் நாதஸ்வரம் தூரத்துத் தெருவுக்குப் போய்விட்டது. வண்ண வட்டங்களைக் கண்டு வாந்தியெடுத்த ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்துச் சிறுமிக்கு மூன்று இடத்தில் மந்திரித்திருந்தார்கள். பின்மண்டையில் கிளம்பிய வலிப்பு என்று அலை காட்டியது, மாத்திரை அடக்கியது. அந்தச் சிறுமி இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

இவ்வளவு தெரிந்த இடத்தில்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். இந்த மடலில் என் பெயர் நல்லபடியாக வரவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்லாமல் உங்கள் பெருமையைச் சொல்ல முடியாது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், நீங்கள் இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கிரிசாமி ஐயாவை அவர் மகள் விஷ்ணுப்ரியா அழைத்து வந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாத ஓர் ஆளுக்குக் காப்பி ஊற்றி வைக்கிறார் என்பது புகார். நெற்றி நிறைய விபூதி, கை நிறைய மந்திரித்த கயிறு, தலை நிறைய எண்ணெய். நான் தலையை அலசி, படுக்க வைத்து, கேள்வியைக் கேட்டேன். ஐயா சிங்க் பக்கம் பார்த்தார். “மூணு பேரும்மா. அந்த ஸ்டூல்ல ஒருத்தரு உக்காந்திருக்காரே, நீல ரெயின்கோட்டு. நனைஞ்சு போயி வந்திருக்காரு, பாவம். தலைய நிமிர்த்தவே மாட்டேங்கிறாரு” என்றார். நான் 3 என்று எழுதினேன். வாசலில் நின்ற விஷ்ணுப்ரியா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். “அக்கா, அத எழுதாதீங்கக்கா. பைத்தியம்னு தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாங்க. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். ரெண்டுன்னு போடுங்கக்கா, ப்ளீஸ் லா” என்றார். மனநோய் மருத்துவமனை இருக்கும் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் நம் சனங்களில் யார்தான் அஞ்ச மாட்டார்? எனக்கு மனம் இளகிவிட்டது. வெள்ளை மையைத் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே 2 என்று எழுதினேன். அன்று முழுதும் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரே பெருமை.

மறுநாள் ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டு வார்டில் சேர்த்தார்கள். மத்தியானம், ரெயின்கோட்டுக்காரரைக் கட்டிலை விட்டு இறங்கச் சொல்லி அவர் கத்தினார். புதிதாக வந்திருந்த டாக்டர் பாரத்தைப் பார்த்தார். அதில் 2 என்று இருந்தது. காய்ச்சலில் வந்த கலவரம் என்று நினைத்து, அதை அடக்க வழக்கமாகப் போடும் அந்தப் பழைய ஊசியைப் போட்டார். மாலைக்குள் ஐயா விறைத்துப்போனார். கை மடங்கவில்லை, வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் நீங்கள் விடுப்பு முடிந்து வந்தீர்கள். விட்டுப்போன பாரங்களைப் புரட்டியவர், ஒன்றை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். வெள்ளைக்கு அடியில் 3 தெரிந்தது. அலையை எடுத்துப் பார்த்தீர்கள். கண்ணை மூடியதும் பின்மண்டையில் எழும் அலை நலமானவருக்கு விநாடிக்கு ஒன்பது, பத்து முறை துடிக்கும். ஐயாவுக்கு ஆறு, ஏழு, மறுபடி ஆறு என்று தள்ளாடியது. தள்ளாடும் அலை, இல்லாத ஆள், இரண்டும் சேர்ந்தால் லூயி பாடி என்று டாக்டர்கள் சொல்லும் மறதி நோயாக இருக்கலாம் என்பதும், அந்த நோய்க்காரருக்கு அந்த ஊசி எமன் என்பதும் உங்களுக்குத் தெரியும். லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடி ஏறி ஓடினீர்கள். நம் பிரிவின் டாக்டர் பரமேஸ்வரன் மருந்தை நிறுத்தினார். ஐயா மறுபடி சோறு விழுங்க நாற்பது நாளாயிற்று. அதன்பின் தகுந்த மாத்திரையோடு ஆறு வருடம் இருந்தார்; தள்ளிப்போன மகள் கல்யாணத்தில் கைத்தடியோடு நின்று எல்லாரையும் வரவேற்றார்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். என் மேசையிலிருந்த வெள்ளை மைப் புட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டீர்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை நம் பிரிவில் வெள்ளை மை கிடையாது. தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஸ்டூலும் அன்றிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. அதில் யாரும் உட்கார்வதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. அதன் அடியில் தரை எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். பக்கத்தில் சிங்க் இருக்கிறது, தலை அலசும்போது தண்ணீர் தெறிக்கும், எங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் நோயாளியே வராத பெருநாள் விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோதும் ஈரமாக இருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று அஸ்மான் சொன்னார். குழாயை மாற்றினோம்.

இனி, நீங்கள் எழுதச் சொன்னதை எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் சனவரியில் இயந்திரத்தைச் சோதிக்க, நோயாளி கட்டிலில் நீங்களே படுப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த ஆண்டு பேனா முள் காகிதத்தில் கீறிய உங்கள் முதல் அலையிலிருந்து முப்பத்தைந்து ஆண்டு அலையும் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. விநாடிக்குப் பத்து, பத்து, பத்து, பின் ஒன்பதரை, ஒன்பது. நலமான மூளைக்கு உதாரணம் காட்ட வேண்டுமென்றால் அதைத்தான் எடுப்போம். இந்த ஆண்டு, காலை பத்து மணிக்கு, கதவைச் சாத்திவிட்டு, உங்களிடமே கற்றபடி நான் கேட்டேன்: “அக்கா, இந்த ரூம்ல இப்ப எத்தன பேரு இருக்கோம்?” ஒவ்வோர் ஆண்டும் கேலியாக ஏதாவது சொல்லிவிட்டு இரண்டு என்பீர்கள். இம்முறை மெல்லத் தலையைத் திருப்பி, சிங்க் இருக்கும் மூலையைப் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, “மூணு” என்றீர்கள்.

“விளையாடாதீங்கக்கா” என்றேன். “நீ கேட்ட, நான் சொன்னேன். எழுது” என்றீர்கள். 3 என்று எழுதினேன். திரையைப் பார்த்து உட்கார்ந்தால் ஸ்டூலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், அறையின் அமைப்பு அப்படி. இருபது நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது, அக்கா. பின்னால் யாரும் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவு முடிந்ததும் தலையில் ஒயர்களோடேயே எழுந்து வந்து, திரையில் பென்சில் முனையை வைத்து உங்கள் அலையை நீங்களே எண்ணினீர்கள். ஏழு. அடுத்த விநாடி ஆறு. மறுபடி ஏழு. “பக்கிரிசாமி ஐயாவோடது மாதிரியே இருக்குல்ல” என்றீர்கள். தூக்கத்தில் கத்திக்கொண்டே கைகாலை வீசுவதாக ஐந்து வருடமாய் ஆட்ரி குறைசொல்வதை நீங்களே எங்களிடம் வேடிக்கையாகச் சொல்வீர்கள்; அதுவும் இந்த நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்று படித்த நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். “தீபாவளிக்கு முன்னாலேர்ந்து. மொதல்ல ட்ரெயின்லதான். வெயில் காயிற நாள்ல ஒருத்தரு நனைஞ்ச ரெயின்கோட்டோட உக்காந்திருந்தாரு. சாலாக் செலாத்தான்ல நான் எறங்குனேன், அவரும் எறங்குனாரு” என்றீர்கள். அதே நீலமா என்று கேட்டேன். “அதே நீலம். பயப்படாத. பழைய ஆஸ்பத்திரிக் கதைதானே? மூளை புதுசா ஆளத் தேடல. நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிஞ்சவரையே கூப்புட்டுக்கிச்சு” என்றீர்கள். அந்த நேரத்திலும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னீர்கள்.

ஏன் நாலு மாதமாகச் சொல்லவில்லை என்று அழுதபடி கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை இந்த மண்டபத்தில் உள்ள எல்லாரும் கேட்கட்டும். “முப்பத்தாறு வருஷமா அடுத்தவங்கள கேட்டவ நான். எனக்குப் பதில் சொல்ல பயமா இருந்துச்சு லா. தினமும் மனசுக்குள்ள நானே வெள்ள மை போட்டுக்கிட்டேன். யாராச்சும் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல.” அக்கா, நாங்கள் தினமும் உங்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டோம். அதைக் கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

டாக்டர் பரமேஸ்வரன் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டார். நோய் அதுவேதான், ஆரம்ப நிலை. மாத்திரை தொடங்கியிருக்கிறது. ரெயின்கோட்டுக்காரர் இப்போது தினமும் வருவதில்லை, வந்தாலும் தூரத்தில் நிற்கிறார் என்கிறீர்கள். பக்கிரிசாமி ஐயாவின் காலத்தைவிட இன்று இந்த நோயைப் பற்றித் தெரிந்தது அதிகம். அதில் ஒரு பங்கு, நீங்கள் போட்ட அந்தக் கட்டத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்தது.

பாராட்டு மடல் வேண்டாம் என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தோம். நீங்களோ, “எப்படியும் கண்ணாடி போட்டு மாட்டத்தான் போறீங்க. அப்ப உபயோகமா எழுதுங்க. நான் மொதல்ல படிச்ச எழுத்து தமிழு, கடைசியா மறக்கிறதும் அதுவா இருக்கட்டும்” என்றீர்கள். ஆகவே இந்த மடல் உங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்காலிக்கு எதிரே, கண்மட்டத்தில் மாட்டப்படும். மடலின் ஒரு பகுதியை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஆட்ரியின் கைப்பையிலும் உங்கள் கைப்பையிலும் இருக்கும். அந்தப் பகுதி இதுதான்:

இந்த அம்மாவைப் பார்க்க வந்திருக்கும் டாக்டரே, தாதியே, ஆம்புலன்ஸ் ஊழியரே! நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இவர் காலியான நாற்காலியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கலாம். இவருக்குப் பைத்தியம் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. இவருக்கு இருப்பது லூயி பாடி நோய். கலவரத்தை அடக்கப் போடும் பழைய வகை ஊசி எதையும் தயவுசெய்து இவருக்குப் போடாதீர்கள். முதலில் காய்ச்சல் இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அறையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை அப்படியே எழுதுங்கள். முப்பத்தாறு ஆண்டுகள் இவர் மற்றவர்களுக்குச் செய்தது அது.

எண்ணிக்கை மாற்றாத ஏந்தலே! இறுதியாக, எழுத்து வேலையெல்லாம் முடிந்த பிறகு நீங்கள் ஒரு திருத்தம் சொன்னீர்கள். கையெழுத்துக்கு ஏழு கோடு போட்டிருந்தோம். எட்டாவதாக ஒன்று போடச் சொன்னீர்கள். யாருக்கு என்று கேட்டோம். “அவருக்குத்தான். இங்க நெஜமா உள்ளவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவரு கூடத்துல வந்து உக்காந்தாருன்னா நான் அந்தக் கோட்டப் பார்ப்பேன். காலியா இருந்துச்சுன்னா அவரு இல்லேன்னு எனக்குத் தெரியும்” என்றீர்கள்.

அப்படியே போட்டிருக்கிறோம். உண்ட சோறு உடம்பில் ஒட்ட, உறங்கிய உறக்கம் உள்ளத்தில் ஒட்ட, ஆட்ரியின் கையும் அவர் பிள்ளைகளின் சிரிப்பும் உங்கள் பக்கத்திலேயே இருக்க, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். வாரம் ஒருவராக நாங்கள் சாலாக் செலாத்தானுக்கு வருவோம். வந்து கதவைத் திறந்ததும் நலமா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்போம். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் திருத்த மாட்டோம். பிறகு சேர்ந்து எழுந்துபோய், சுவரிலுள்ள எட்டாவது கோட்டைப் பார்ப்போம். அது என்றைக்கும் காலியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வாழ்த்து.

என்றும் தங்கள் பதிவுப் பிரிவினர்,

1. லோகேஸ்வரி
2. பரமேஸ்வரன்
3. முகுந்தன்
4. தாமரை
5. ஃபரிடா
6. மெய் லிங்
7. அஸ்மான்
8. ______________